ஜெல் மெத்தை வாங்கும் முன்

மெத்தைக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஓர் இரவு உங்கள் படுக்கையறையைக் கவனியுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, மின்விசிறிக் காற்று கட்டிலின் எந்தப் பாதியில் விழுகிறது, சுவரோரம் கை வைத்தால் ஈரம் தட்டுகிறதா, கரண்ட் போனால் அறை எவ்வளவு நேரத்தில் புழுங்கத் தொடங்குகிறது, கட்டிலுக்கு அடியில் காற்றுப் போக வழி இருக்கிறதா, பெட்டியும் மூட்டையுமாக அடைத்திருக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். எந்த மெத்தை நல்லது என்ற கேள்விக்கு அந்தமானின் ஜங்லிகாட்டில் பாதி விடை அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது.

இது கடலோரக் குடியிருப்பு. மீன் இறங்குதுறையிலிருந்து உப்புக்காற்று வீட்டுக்குள் வரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவம் முழுதாக ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 முதல் 90 விழுக்காடு வரை நிற்கும். இரவில் வெப்பநிலை 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஜெல் மெமரி ஃபோம் மெத்தையின் விளம்பரத்தில் வரும் படுக்கையறைக்கும் இந்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. விளம்பரத்து அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, படுத்திருப்பவர் கம்பளி போர்த்தியிருக்கிறார்.

ஆனாலும் விளம்பரம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு சென்னைக்காரர் கைப்பேசியில் பார்க்கும் மெத்தை வீடியோவை அதே நேரத்தில் நாமும் தடங்கலின்றிப் பார்க்கிறோம். ஐஸ் போன்ற நீல நிறம், மெத்தையில் அழுந்தி மறையும் கைத்தடம், துள்ளிக் குதித்தாலும் சிந்தாத கோப்பை. பார்த்துவிட்டுப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் கொடுக்கத் தயாராகிறோம். பல வீடுகளில் அது ஒரு மாதச் சம்பளம். அதனால்தான் இந்த ஒரு பொருளுக்குத் தனி அத்தியாயம்.

உள்ளே என்ன இருக்கிறது

மெமரி ஃபோம் என்பது பாலியூரித்தேன் ஃபோமின் ஒரு வகை. அழுத்தினால் மெதுவாக அமுங்கும், விட்டால் மெதுவாக மேலே வரும். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். விமான இருக்கையில் அமர்ந்திருப்பவர் மோதலின்போது பிழைக்க வேண்டும், நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 1991-இல் அதை மெத்தையாக்கி விற்றது. ஆகவே ‘நாசா தொழில்நுட்பம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கும் குளிர்ச்சிக்கும் தொடர்பில்லை, உங்கள் கையில் இருக்கும் மெத்தையை நாசா சோதித்ததும் இல்லை. அந்த வரிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

மெமரி ஃபோமுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை உண்டு. அது உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று நுழையாது. ஃபோம் வெப்பத்தை எளிதில் கடத்தவும் செய்யாது. ஜங்லிகாட் துறையில் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெட்டியின் சுவருக்குள் அடைத்திருப்பதும் பாலியூரித்தேன் ஃபோம்தான். அது கெட்டியான வகை, இது மெத்தென்ற வகை. வேதிக் குடும்பம் ஒன்று, வெப்பத்தைத் தடுக்கும் குணமும் ஒன்று. அங்கே ஐஸ் உருகாமல் காக்கிற அதே குணம் இங்கே உங்கள் உடல்சூட்டை வெளியே போகவிடாமல் நிறுத்துகிறது.

இந்தப் புகார் உலகெங்கும் எழுந்ததால்தான் ஜெல் வந்தது. ஃபோமைத் தயாரிக்கும்போதே ஜெல் மணிகளைக் கலப்பார்கள், அல்லது ஜெல்லை வரிவரியாக ஊற்றிக் கலப்பார்கள், அல்லது மேலே ஒரு மெல்லிய ஜெல் தகடாக ஒட்டுவார்கள். இன்னொரு வகையில் மேலுறைத் துணியிலேயே நுண்ணிய மெழுகு உருண்டைகளைச் சேர்ப்பார்கள். குறிப்பிட்ட சூட்டில் உருகும்போது வெப்பத்தை விழுங்கும் மெழுகு அது. நீலச் சாயம் மட்டும் போட்ட ஃபோமும் சந்தையில் இருக்கிறது. நிறம் குளிர்விக்காது.

முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: ‘8 அங்குல ஜெல் மெமரி ஃபோம் மெத்தை’ என்றால் எட்டு அங்குலமும் ஜெல் ஃபோம் என்று பொருளல்ல. மேலே ஓர் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம்தான் ஜெல் ஃபோம். கீழே உள்ளதெல்லாம் சாதாரண ஃபோம், துள்ளும் தன்மை கூடிய எச்.ஆர். ஃபோம், அல்லது துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்த ரீபாண்டட். மூன்றுமே கெட்ட பொருட்கள் அல்ல. ஆனால் எது எத்தனை அங்குலம் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

குளிர்ச்சி எவ்வளவு நேரம்

கடையில் முதலில் நடப்பது இது. “டச் பண்ணிப் பாருங்க அக்கா, ஜில்லுன்னு இருக்கும்” என்பார் விற்பனையாளர். கை வைத்தால் உண்மையிலேயே ஜில்லென்றிருக்கும். ஜெல்லும் மெழுகு பூசிய துணியும் தொட்ட கணத்தில் கையின் சூட்டை வேகமாக இழுக்கின்றன, அதைத்தான் தோல் குளிர்ச்சியாக உணர்கிறது. தொட்ட நொடியில் எவ்வளவு வெப்பம் பாய்கிறது என்று அளக்க ஆய்வகச் சோதனைகூட இருக்கிறது. ‘கூல் டச்’ என்று விற்கப்படும் துணிகள் அந்தச் சோதனையில் நல்ல எண் வாங்குகின்றன. ஆனால் நாம் படுப்பது சில நொடிகளுக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூங்கும் மனித உடல் 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதில் நாலில் ஒரு பங்கு, சுமார் 20 வாட், மெத்தைக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடம்பின் கீழே ஒரு கிலோ ஜெல் இருக்கிறது என்றும், அதற்குத் தண்ணீருக்கு இணையாக வெப்பம் ஏற்கும் திறன் இருக்கிறது என்றும் தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அறை 28 டிகிரி, தோல் 34 டிகிரி. ஜெல் 6 டிகிரி சூடாகும்வரை வெப்பத்தை வாங்கும். ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 4.2 கிலோஜூல் வீதம் மொத்தம் 25 கிலோஜூல். 20 வாட்டில் இது தீர்ந்துபோக 21 நிமிடம். அதற்குப் பிறகு ஜெல்லும் உங்கள் சூட்டிலேயே இருக்கும். உங்களிடம் வாங்கிய வெப்பத்தை அது வெளியே தள்ளவும் முடியாது, ஏனென்றால் அதைச் சுற்றி இருப்பது ஃபோம். ஜெல் மணிகள் ஒன்றையொன்று தொடாமல் ஃபோமுக்குள் தனித்தனியாகக் கிடப்பதால் வெப்பம் கடந்து போகத் தொடர்ச்சியான பாதை அமைவதில்லை.

என் எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஜெல்லை இரண்டு கிலோ ஆக்குங்கள், 42 நிமிடம் வரும். அறை 30 டிகிரி ஆனால் நேரம் சுருங்கும். எப்படிப் பார்த்தாலும் படுத்துத் தூக்கம் பிடிக்கும் நேரத்துக்கு ஜெல் கொஞ்சம் உதவும், நடு இரவுக்கு உதவாது. தூக்கம் பிடிக்கவே தவிக்கிறவர்களுக்கு அந்த முதல் அரைமணி பெரிய விஷயமாக இருக்கலாம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ‘இரவு முழுவதும் குளிர்ச்சி’ என்ற வரியைத்தான் ஏற்க முடியாது.

மெழுகு வகை இதைவிடச் சாமர்த்தியமானது. ஒரு கிலோ மெழுகு உருகும்போது ஏறத்தாழ 200 கிலோஜூல் விழுங்கும். ஆனால் மேலுறையில் பூசியிருப்பது சில நூறு கிராமாக இருந்தாலே அதிகம். 200 கிராம் என்றால் 40 கிலோஜூல், அரைமணிக்குச் சற்றே மேல். அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊரின் தட்பவெப்பம். உருகிய மெழுகு மறுபடி உறைந்தால்தான் அடுத்த முறை வெப்பத்தை விழுங்கும். உதாரணமாக 28 டிகிரியில் உருகும் மெழுகு, ஏப்ரல் மாதப் பகலில் 31, 32 டிகிரி இருக்கும் அறையில் நீங்கள் படுக்கும் முன்பே உருகிக் கிடக்கும். குளிர்நாட்டிலும் ஏசி அறையிலும் பகல் முழுக்க அது உறைந்து தயாராக இருக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ‘குளிருமா’ என்பதல்ல. ‘இது எத்தனை டிகிரியில் வேலை செய்யும், எத்தனை டிகிரி அறையில் சோதித்தீர்கள், எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள்’ என்று கேளுங்கள். ‘5 டிகிரி அதிகக் குளிர்ச்சி’ என்று எழுதியிருந்தால் எதைவிட 5 டிகிரி, எந்த நிமிடத்தில் 5 டிகிரி என்றும் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. நம் ஊரில் தூக்கத்தைக் கெடுப்பது சூடு மட்டுமல்ல, ஈரமும்தான். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருக்கும்போது ஆவியாதல் மெதுவாகிறது, முதுகுக்கடியில் காற்றே புகாதபோது நின்றேவிடுகிறது. ஜெல் ஈரத்தை எதுவும் செய்யாது. விளம்பரங்கள் ஈரப்பதத்தைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஜங்லிகாட்டில் அதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

கடையில் படுத்துப் பார்ப்பது

மெமரி ஃபோமின் மென்மை சூட்டைப் பொறுத்து மாறும். குளிர்ந்த அறையில் இறுகும், வெம்மையில் இளகும். ஏசி போட்ட கடையில் நீங்கள் படுத்துப் பார்க்கும் மெத்தையும், உங்கள் வீட்டில் கரண்ட் போன இரவில் நீங்கள் படுக்கும் மெத்தையும் ஒரே மெத்தைதான், ஆனால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. கடையில் ‘சரியான இறுக்கம்’ என்று தோன்றியது வீட்டில் இடுப்பை உள்ளே இழுக்கும். அபர்தீன் பஜாரில் வாங்கினாலும் ஜங்லிகாட்டிலேயே வாங்கினாலும், ஏசி இல்லாத முன்பகுதியில் வைத்திருக்கும் மெத்தையில் படுத்துப் பார்க்கக் கேளுங்கள். இரண்டு நிமிடம் போதாது. கால் மணி நேரமாவது படுங்கள், வழக்கமாக நீங்கள் தூங்கும் பக்கமாகவே படுங்கள். படுத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். திரும்பச் சிரமமாக இருந்தால் வயதானவர்களுக்கு அந்த மெத்தை வேண்டாம்.

கையால் பத்து நொடி அழுத்திவிட்டு எடுங்கள். உண்மையான மெமரி ஃபோமில் தடம் மெல்ல மெல்ல மறையும். உடனே துள்ளி எழுந்தால் அது வெறும் ஃபோம். மேலுறையில் ஜிப் இருந்தால் திறந்து, ஸ்கேல் வைத்து ஜெல் அடுக்கின் கனத்தை அளந்து பாருங்கள். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார்.

தராசு பொய் சொல்லாது

ஃபோமின் ஆயுளை முடிவு செய்வது டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி, 50 டென்சிட்டி என்பார்கள். மெமரி ஃபோம் என்றால் 50-க்குக் குறையாமல் கேளுங்கள். 40-க்குக் கீழே போனால் இடுப்பு படும் இடம் சீக்கிரமே குழியும். டென்சிட்டி வேறு, இறுக்கம் வேறு. டென்சிட்டி அதிகமாக இருந்தும் மெத்தென்றிருக்கும் ஃபோம் உண்டு, டென்சிட்டி குறைந்தும் கல் போலிருக்கும் ஃபோம் உண்டு. ‘நல்லா ஹார்டா இருக்கு, அதனால ரொம்ப நாள் வரும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அட்டையில் எழுதியதைச் சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை, எடை பார்த்தால் போதும். 72-க்கு 48 அங்குல மெத்தையில் ஓர் அங்குலக் கனம் என்பது 0.0566 கன மீட்டர். 50 டென்சிட்டியில் அந்த ஓர் அங்குலம் 2.8 கிலோ வர வேண்டும், 40-இல் 2.3 கிலோ, 32-இல் 1.8 கிலோ. மேலே இரண்டு அங்குலம் 50 டென்சிட்டி ஜெல் ஃபோம், கீழே நான்கு அங்குலம் 32 டென்சிட்டி என்று சொல்லி ஆறு அங்குல மெத்தை விற்கிறார்கள் என்றால் ஃபோம் மட்டும் 12.9 கிலோ இருக்க வேண்டும். உறையோடு 14 கிலோ. தராசில் 10 கிலோதான் காட்டினால் கனத்திலோ டென்சிட்டியிலோ ஏதோ ஒன்று குறைகிறது. பெரிய கட்டிலுக்கான 78-க்கு 60 அளவில் ஓர் அங்குலம் 0.0767 கன மீட்டர், 50 டென்சிட்டியில் 3.8 கிலோ.

இந்தக் கணக்கை ஏமாற்றவும் வழி இருக்கிறது. ரீபாண்டட்டின் டென்சிட்டி 80, 90, 100 என்று போகும். அடியில் ரீபாண்டட் கூடுதலாகப் போட்டால் மெத்தை கனமாகவும் நம்பிக்கையூட்டுவதாகவும் இருக்கும், மேலே இருக்கும் ஜெல் அடுக்கோ மட்டமானதாக இருக்கலாம். அதனால் எடையை மட்டும் பார்க்காமல், அடுக்குகளின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. பார்சலின் எடை பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும்.

சுருட்டி, காற்றை உறிஞ்சிப் பெட்டியில் வரும் மெத்தையில் தீவுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. சென்னையில் கிடங்கில் கிடந்து, கப்பலுக்குக் காத்திருந்து, ஹாடோ துறைமுகத்தில் இறங்கி, இங்கே ஒரு கடையின் பின்னறையில் மறுபடி கிடக்கும். நெடுநாள் அழுந்திக் கிடந்த ஃபோம் முழு உயரத்துக்கு எழும்பாமல் போகலாம். தயாரித்த மாதத்தைப் பாருங்கள், எத்தனை மாதத்துக்குள் பிரிக்க வேண்டும் என்று நிறுவனம் எழுதியிருக்கிறதா பாருங்கள். பிரித்த அன்றும் மூன்றாம் நாளும் நான்கு மூலையிலும் நடுவிலும் உயரத்தை அளந்து, ஸ்கேலோடு படம் எடுத்து வையுங்கள். முதல் சில நாள் ஒரு மருந்து நெடி வரும். ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள், குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

‘ஆர்த்தோ’ என்ற முத்திரை

ஆர்த்தோபீடிக் என்று மெத்தையில் எழுத எந்த மருத்துவரின் கையெழுத்தும் தேவையில்லை. முதுகுவலிக்கு இறுகிய படுக்கைதான் நல்லது என்று நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறோம், அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த முத்திரை விற்கிறது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இறுகிய மெத்தையும் மற்றதற்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். 2003-இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் முடக்கமும் அதிகம் குறைந்திருந்தன. எனவே ‘ஆர்த்தோ’ என்று கல்லாக இறுகிய மெத்தையை முதுகுவலிக்காரர் தலையில் கட்டுவதும், ஆளையே விழுங்கும் அளவுக்கு மென்மையானதை ‘பிரஷர் ரிலீஃப்’ என்று விற்பதும் ஒரே அளவில் தவறு.

செர்டிபியூஆர், ஓகோ-டெக்ஸ் போன்ற சான்றுகள் உண்மையானவை, மதிப்புள்ளவை. அவை சொல்வது ஃபோமிலும் துணியிலும் தீங்கான வேதிப்பொருட்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்பதை. குளிர்ச்சிக்கும் ஆயுளுக்கும் அவை சாட்சி இல்லை. வேப்பிலை, கற்றாழை, மூங்கில் என்று உறையில் சேர்த்ததாகச் சொல்வதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சோதனை அறிக்கை கேளுங்கள், இல்லையென்றால் அதை அலங்காரமாக எண்ணிக்கொண்டு மேலே நகருங்கள்.

பூஞ்சணம்

எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகுந்த கவலை தருவது இதுதான். ஜெல் மெத்தையைத் தரையில் நேராகப் போட்டால், மேலிருந்து உடல்சூட்டோடு இறங்கும் ஈரம் குளிர்ந்த சிமெண்டுத் தரையைத் தொட்டு அடிப்பக்கத்தில் தங்கும். சில மாதங்களில் கரும்புள்ளிகள் வரும். படாக் மரக் கட்டிலாக இருந்தாலும் மேலே முழு பிளைவுட் பலகை அடித்திருந்தால் இதே கதைதான். பலகையில் கையகல இடைவெளிக்குள் துளைகள் போடச் சொல்லுங்கள், அல்லது சட்டங்களாக மாற்றுங்கள். சட்டங்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், ஃபோம் தொங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். பஞ்சு மெத்தையைப் போல வெயிலில் நாள் முழுக்கக் காயப்போடாதீர்கள். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகிப் பொடியத் தொடங்கும்.

தண்ணீர் புகாத உறை போட்டால் வியர்வை உள்ளே இறங்காது, ஆனால் மேலே புழுக்கம் கூடும். குழந்தைகளும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளும் உள்ள வீட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். மற்றவர்கள் கெட்டியான பருத்தி உறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைப்பதே மேல்.

ஜெல் மெத்தையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், புழுக்கம் தாங்கவில்லை என்றால் அதன்மேல் ஒரு கோரைப்பாயை விரித்துப் பாருங்கள். கோரைத் தட்டைகளின் இடுக்கில் காற்று நுழையும், வியர்வை உலரும். பத்தமடைப் பாய் கிடைத்தால் இன்னும் நல்லது. மெமரி ஃபோமின் அணைப்பு கொஞ்சம் குறையும், அது உங்களுக்கு நன்மையே.

யாருக்கு எது

ஏசி தினமும் ஓடும் வீடு, கட்டிலில் படுப்பவர், ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்கிறார் என்றால் மேலே இரண்டு அங்குல ஜெல் மெமரி ஃபோம் உள்ள மெத்தை நல்ல தேர்வு. அசைவை அடக்கும் விஷயத்தில் விளம்பரம் சொல்வது உண்மை. நெடுநாள் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் மெமரி ஃபோம் உதவும், ஏனென்றால் எலும்பு துருத்தும் இடங்களின் அழுத்தத்தைப் பரப்பிப் படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் குறைக்கிறது. ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து அப்படி ஒருவரை வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள் என்றால் அங்குள்ள செவிலியரிடம் எத்தகைய மெத்தை வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் கைக்குழந்தையை மெமரி ஃபோம் மேல் தூங்க வைக்கவே கூடாது. முகம் புதைந்தால் மூச்சு முட்டும். குழந்தைக்கு இறுகிய, சமமான படுக்கை.

ஏசி இல்லாத வீட்டுக்கு என் பரிந்துரை ரப்பர் ஏற்றிய தேங்காய்நார் மெத்தை. காற்று உள்ளே போய்வரும், இறுக்கம் சூட்டால் மாறாது. மேலே கொஞ்சம் மென்மை வேண்டும் என்றால் ஓர் அங்குல லேடெக்ஸ் அல்லது மெல்லிய பஞ்சு விரிப்பைச் சேர்க்கலாம். நாரில் தண்ணீர் கொட்டினால் மட்டும் உடனே உலர்த்த வேண்டும். முழு லேடெக்ஸ் மெத்தை அருமையானது, ஆனால் விலையும் எடையும் அதிகம், ‘இயற்கை’ என்றால் எத்தனை விழுக்காடு என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்றோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் துறைமுகத்தை ஒட்டிய வீட்டில் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தை இன்றும் எனக்குப் பிடித்தமானது. அந்தப் பஞ்சிழை உள்ளே குழலாகவும் வெளியே மெழுகுப் படலத்தோடும் இருப்பதால் எளிதில் நனையாது. ஆனால் அடிக்கடி வெயில் காட்ட வேண்டும், மே முதல் டிசம்பர் வரை நம்மிடம் அதற்கான வெயில் குறைவு.

வாரண்டியும் புகாரும்

‘10 ஆண்டு வாரண்டி’ என்பதை அட்டையின் பின்பக்கம் படித்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஆள் படுக்காதபோது இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் குழிந்தால் மட்டும் மாற்றித் தரப்படும், மெத்தென்று ஆகிவிட்டது என்ற புகார் ஏற்கப்படாது, கறை இருந்தால் வாரண்டி செல்லாது. நம் ஊரில் வியர்வைக் கறையும் பூஞ்சணமும் வராமல் இருப்பது அரிது. முதல் நாளே உறை போடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ், ஆனால் வாரண்டி அட்டை ஆங்கிலத்தில்தான் வரும். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காசு கொடுக்கும் முன்பு முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

‘100 இரவு சோதித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம்’ என்ற வாக்குறுதி 744-இல் தொடங்கும் பின்கோடுக்கும் பொருந்துமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். தீவுக்கு அனுப்புவார்கள், தீவிலிருந்து திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று இருக்கலாம். திருப்பும் கப்பல் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். பதில் வந்த திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைன் கடை உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் எழுதும் நிபந்தனை மேலே பெரிதாகச் சொன்ன வாக்குறுதிக்கு முரணாக இருக்கக் கூடாது, விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். ‘இரவு முழுவதும் குளிர்ச்சி’ என்று தமிழில் சொல்லிவிட்டு ‘அறை வெப்பநிலையைப் பொறுத்து மாறும்’ என்று ஆங்கிலத்தில் மூலையில் எழுதினால் அதைப் புகாராகவே கொடுக்கலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் ஆணையத்துக்குப் போங்கள். பில், அடுக்குகளின் பட்டியல், பெட்டியின் எடைச்சீட்டு, முதல் நாளும் மூன்றாம் நாளும் ஸ்கேலோடு எடுத்த படங்கள், நிறுவனத்தோடு நடந்த எழுத்துப் பேச்சு எல்லாவற்றையும் தேதி வரிசையில் சேருங்கள். வாங்கும்போது நீங்கள் பார்த்த விளம்பரத்தின் படத்தை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பக்கமாக வையுங்கள். நிறுவனம் தன் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதால் அதை வாங்கிய அன்றே எடுத்து வைத்திருக்க வேண்டும்.